தகரத்துக்குக் கீழே என்ன இருக்கு?



போன ஐப்பசி மழைக்கு எங்க வீட்டுக்குள்ள ஏழு இடத்துல பாத்திரம் வச்சோம். பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் சீமை ஓடு, பின்கட்டுக்கு நாட்டு ஓடு. குன்றக்குடிப் பக்கமிருந்து வர்ற மயில்கள் கூரை மேல நடந்து நடந்து நாட்டு ஓடுகளைச் சரிச்சுவிட்டுடும். வருஷா வருஷம் சித்திரை, வைகாசியில் ஓடு பிரிச்சு அடுக்கினால்தான் மழைக்குத் தாங்கும். அதுக்கு ஆள் கிடைச்சு நாலு வருஷம் ஆச்சு.

மழை விட்டதும் ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரு பனங்கையைச் சுத்தியலால் தட்டினார். சத்தம் பொத்துன்னு வந்தது. உள்ளே பூரா கரையான். "ஓடு மாத்திப் பிரயோஜனம் இல்லண்ணே, மரத்தையே மாத்தணும்"னு சொல்லிட்டார். கான்கிரீட் போடலாம்னா சுவர் செம்மண் சுவர், அந்தப் பாரத்தை ஏத்துக்காது. சுவரையும் இடிச்சுப் புதுசாக் கட்டுற அளவுக்கு நம்ம கையில் ஓட்டம் இல்லை. மிச்சம் இருந்த வழி ஷீட்டு. இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, மேல ஷீட்டை முடுக்கிடலாம்.

ஆத்தாகிட்ட சொன்னேன். அவுகளுக்கு எண்பதைத் தாண்டிருச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஏண்டா அப்பு, என்னைக் கடைசிக் காலத்துல லயத்துலயா வைக்கப் போறே?"ன்னு கேட்டாங்க.

லயம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுறேன். ஆத்தா இலங்கைக்குப் போனதே இல்லை. தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் இல்லை. ஆனா தகரம்னு சொன்னதும் அவுகளுக்கு லயம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அது எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். எங்க அப்பாவோட அத்தை ஒருத்தர் கண்டியில் இருந்து திரும்பி வந்து, எங்க வீட்டில்தான் கடைசி வரைக்கும் இருந்தார். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதைகளைத் தினமும் திண்ணையில் கேட்டவங்க ஆத்தா.

அவர் கதைக்கு முன்னாடி இந்தத் தகரத்தோட கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன்.

நம்ம ஊரில் தகரம்னு சொல்றது உண்மையில் தகரமே இல்லை. தகரம்னா வெள்ளீயம். கூரைக்குப் போடுறது இரும்புத் தகடு, அதுக்கு மேல துத்தநாகப் பூச்சு. 1829ல் லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்த ஹென்றி ராபின்சன் பாமர் என்ற பொறியாளர், இரும்புத் தகட்டை அலை அலையாக வளைத்துக் கூரை போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் துறைமுகத்திலேயே ஒரு கொட்டகைக்கு முதலில் போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும் சங்கதிதான் இது. ஒரு தாளைச் சும்மா பிடித்தால் தொங்கும். அதையே விசிறி மாதிரி மடித்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். தகடும் அப்படித்தான். மெல்லிசாக இருந்தாலும் அலை இருந்தால் பாரம் தாங்கும்.

ஆனால் இரும்பு துருப்பிடிக்குமே? 1837ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் என்பவர், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த இரண்டும் சேர்ந்த பிறகு தகரக் கூரை உலகம் பூரா கிளம்பிவிட்டது. அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று படிந்துவிடும், கப்பலில் இடம் அடைக்காது. பெரிய தச்சன் வேண்டாம், கொத்தன் வேண்டாம். கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்களுக்கும், ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களுக்கும், காலனி நாடுகளில் ரயில்வே, ராணுவக் கொட்டகைகளுக்கும் அதுதான் கூரை.

உலோகத்தால் கூரை போடுவது வெள்ளைக்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சிதம்பரத்தில் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் முதலாம் பராந்தகச் சோழன். அவன் ஆண்டது 907 முதல் 955 வரை. 'வேய்ந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓலைக்கும் கீத்துக்கும் நாம் சொல்கிற அதே சொல்தான். அங்கே 21,600 ஓடுகள், அது ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக் கணக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். செம்பு ஓடு, அதன்மேல் பொன். அதற்குக் கீழே மரம். இந்தக் 'கீழே மரம்' என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

சரி, நம்ம செட்டிநாட்டுக்கு வருவோம். நகரத்தில் இருந்து பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளையும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். எல்லாரும் தூணையும் தரையையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுக்கிறீர்கள். அடுத்த தடவை கூரையைப் பாருங்கள்.

அந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850க்கும் 1940களுக்கும் நடுவில் கட்டியவை. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து சம்பாதித்த காலம். தேக்கு கப்பலில் வந்தது. ஆனால் ஓடு வந்தது உள்ளூர்க் குயவர் சக்கரத்தில் இருந்து. சக்கரத்தில் ஒரு பக்கம் குறுகிய குழாய் மாதிரி வனைவார்கள். காய்கிற பதத்தில் நெடுக்காகக் கீறி இரண்டாகப் பிரித்துச் சூளை வைப்பார்கள். அதுதான் நாட்டு ஓடு. ஒரு வரிசை மல்லாக்க, அடுத்த வரிசை கவிழ்த்து என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். அதற்குக் கீழே தட்டு ஓடு, அதற்கும் கீழே தேக்குப் பலகை. வெயில் மேல் அடுக்கைச் சுடும். சூடு கீழே இறங்குவதற்குள் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காற்று இருக்கும். ஓட்டு இடுக்கு வழியாகச் சூடு வெளியேறும். சித்திரை வெயிலில் அந்த வளவுக்குள் போனால் குளுகுளுன்னு இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மழைத் தண்ணீர் சரிவில் இறங்கி முற்றத்துக்கு வந்து சேரும்.

எங்களை மாதிரி விவசாய வீடுகளுக்கு அத்தனை அடுக்கு கிடையாது. எங்க ஐயா காலத்தில் பனையோலைக் கூரை. அப்பா தலையெடுத்த பிறகு ஓடு. சீமை ஓடு என்று நாங்கள் சொல்வது மங்களூர் ஓடு. 1865ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். இயந்திரத்தில் அச்சடித்த தட்டை ஓடு, ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். ஒரே அடுக்கு போதும். அதனால் மரமும் குறையும், வேலையும் குறையும். ஓலைக்கும் நாட்டு ஓட்டுக்கும் அடுத்து ஊர்களுக்கு வந்தது அதுதான்.

ஆக, ஒரே காலத்தில் இந்த மண்ணில் இருந்து இரண்டு விதமான ஆட்கள் கடல் தாண்டினார்கள். ஒரு சாரார் பெட்டகத்தோடு போய்த் தேக்கோடு திரும்பினார்கள். இன்னொரு சாரார் வெறுங்கையோடு போனவர்கள்.

இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பித் தோட்டம். 1869ல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்து அந்தத் தோட்டங்கள் அழிந்த பிறகு தேயிலை. இந்த வேலைக்குப் போனவர்கள் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து மக்கள். அன்றைக்கு எங்க சிவகங்கைச் சீமையும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1985ல்தான் தனி மாவட்டம் ஆச்சு. மழை பொய்த்த வருஷமெல்லாம் கங்காணி பின்னாடி ஊர் ஊராகக் கிளம்பினார்கள். தோட்டத்தில் அவர்களுக்குக் கொடுத்த வீடுதான் லயம். நீளமாக ஒரே கட்டடம், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று தடுத்த அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. மேலே தகரம்.

எங்க பாட்டி சொன்னதெல்லாம் அந்தத் தகரத்தைப் பத்தித்தான். மலையில் ராத்திரி குளிர் இறங்கினால் "தகரம் வேர்க்கும்"பார். உள்ளே அடுப்புப் புகை, ஆள் மூச்சு, ஈரம். மேலே பனியில் சில்லிட்டுக் கிடக்கும் தகடு. நீராவி தகட்டில் பட்டுத் துளித் துளியாகப் படுக்கை மேல் சொட்டும். மழையே இல்லாத ராத்திரியிலும் சொட்டும். மழை பெய்தாலோ பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளை அழுவது காதில் விழாது. காத்தடித்தால் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். "கல்லு தலைக்கு மேல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே தூங்கணும்"னு ஒரு தடவை சொன்னார்.

1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. பாட்டி அந்தக் கணக்கில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, ஒரு தகரப் பெட்டியோடு எங்க வீட்டு வாசலில் வந்து நின்றாராம். முதல் ராத்திரி படுத்துக்கொண்டு ஓட்டைப் பார்த்து, "இது சொட்டாதுல்ல?"ன்னு கேட்டதாக ஆத்தா இன்றைக்கும் சொல்வார்கள்.

இப்போ உங்களுக்குப் புரியும், ஆத்தா ஏன் லயம்னு சொன்னாங்கன்னு.

ஆத்தாவுக்கு மட்டும் இல்லை, ஊருக்கே அந்த நினைப்பு உண்டு. தகரக் கொட்டகை என்றால் மாட்டுக்கு, நெல்லு மில்லுக்கு, சந்தைக்கு. மனுஷனுக்கு ஓடு, வசதி வந்தால் மாடி. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன்னாடி அண்ணாந்து பார்ப்பார்கள். 'ஷீட்டு வீடு' என்று சொல்லும்போதே குரல் இறங்கும்.

ஓலைக்குத் திரும்பிப் போகலாம் என்று நகரத்து நண்பர்கள் சிலர் சொல்வீர்கள். குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஓலைக்கு நடுவில் வாழ்ந்தவனுக்குத் தீ பயம் தெரியும். பங்குனி, சித்திரையில் வாசலில் ரெண்டு குடம் தண்ணீர் எப்பவும் நிறைந்திருக்கணும் என்பது அப்பத்தா சட்டம். 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பிடித்து 94 குழந்தைகள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. 2010ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் திட்டம் வந்தது. 2024ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கலாம், ஆனால் ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் பத்தியும் சொல்லணும். ஓலைக்கு அடுத்து ஏழைபாழைகள் நிறையப் பேர் போட்டது அந்தச் சிமெண்டு ஷீட்டுதான். அதில் இருக்கிற கல்நார் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும், எந்த வகைக் கல்நாராக இருந்தாலும் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் ஊரில் பழைய சிமெண்டு ஷீட்டு இருந்தால் அதை உடைக்காதீர்கள், ரம்பம் போடாதீர்கள். நனைத்து, முழுசாக இறக்குங்கள்.

ஆக எனக்கு இரும்பு ஷீட்டுதான். ஆனால் ஆத்தா கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் யோசித்ததில் ஒன்று விளங்கியது. சிதம்பரத்தில் இருக்கிறதும் உலோகக் கூரைதான், லயத்தில் இருந்ததும் உலோகக் கூரைதான். பொன்னும் துத்தநாகமும் ஒன்றா என்று கேட்காதீர்கள். வெயிலுக்கும் பனிக்கும் இரண்டும் ஒன்றுதான், சட்டென்று சுடும், சட்டென்று ஆறும். வித்தியாசம் கீழே இருக்கு. அங்கே உலோகத்துக்குக் கீழே மரம் வைத்தார்கள். லயத்தில் தகரத்துக்குக் கீழே ஒன்றுமே வைக்கவில்லை. தகடு, அடுத்து மனுஷன் தலை. வைக்கத் தெரியாமல் இல்லை. கூலிக்காரனுக்கு அது போதும் என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். பாட்டி பட்ட சிறுமை தகரத்தால் வந்தது இல்லை. நடுவில் ஒரு பலகைகூட வைக்காமல் விட்ட கணக்கால் வந்தது.

இது விளங்கின பிறகு வேலை சுலபம் ஆச்சு. ஷீட்டு வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நான் கற்றதைச் சொல்கிறேன்.

பாரக் கணக்கு முதலில். ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, சீமை ஓடு ஏறக்குறைய 350 கிலோ. அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட்டு 45 கிலோவுக்குள்தான். என் செம்மண் சுவருக்கு இது வரம். ஆனால் இதே லேசு காத்துக்குச் சாபம். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் தகரங்கள் பறந்ததை மறக்க முடியாது. காத்து ஓரத்திலும் முகட்டிலும்தான் பிடித்துத் தூக்கும். அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக வேண்டும், குழாய்ச் சட்டத்தையும் சுவரோடு இறுக்கிப் பிணைக்க வேண்டும்.

இப்போது வருகிற நல்ல ஷீட்டில் வெறும் துத்தநாகம் இல்லை. 1972ல் அமெரிக்காவில் பெத்லகேம் ஸ்டீல் விற்பனைக்குக் கொண்டுவந்த கலவைப் பூச்சு, 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். அதற்கு மேல்தான் கலர். கடையில் கலரைக் காட்டித்தான் விற்பார்கள். நீங்கள் தகட்டின் தடிமனையும் பூச்சின் எடையையும் கேளுங்கள். வெள்ளை நிறம் வாங்குங்கள், வெயிலைத் திருப்பி அனுப்பும். சிவப்பு பார்க்க ஓடு மாதிரி இருக்கும், ஆனால் சூடு கூட. ஷீட்டை அறுக்கிற மெஷினில் வெட்ட விடாதீர்கள். தீப்பொறி பட்ட இடமெல்லாம் துரு பிடிக்கும். ஈரச் சிமெண்டும் இந்தப் பூச்சுக்கு ஆகாது. மாட்டுக் கொட்டகையில் கோமியத்து ஆவி உள்பக்கம் இருந்து அரிக்கும். மாட்டுக்குத்தானே என்று மட்டமான ஷீட்டு போட்டால் அதுதான் முதலில் ஓட்டையாகும்.

நான் செய்தது இது. கூரையை முன்பு இருந்ததைவிட இரண்டடி தூக்கினேன். ஷீட்டுக்கு அடியில் வெள்ளிக் காகிதம் ஒட்டின நுரை விரிப்பு. இரண்டு பக்கமும் முகட்டுக்கு அடியில் காத்து போக வழி விட்டு, அணில் வராமல் வலை அடித்தேன். ஆத்தா படுக்கிற அறைக்கு மட்டும் பலகை மச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டியார் வீட்டுச் சாமான்கள் விற்பார்கள். ஆணி ஓட்டை விழுந்த கழிவுப் பலகைகளை மொத்தமாகப் பேசி வாங்கினேன். பர்மா தேக்கு என்று கடைக்காரர் சொன்னார். நானும் நம்பிக்கொண்டேன்.

பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஓரத்தில் ஒரு முழம், முகட்டில் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடைவெளி. இந்தச் சித்திரையில் நடுவீட்டில் மத்தியானம் வெக்கைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆத்தா அறை தேவலை. ஒரு லாபமும் உண்டு. பொழுது சாய்ந்த அரை மணியில் தகடு ஆறிவிடுகிறது. பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் ராத்திரி பூரா கக்குகிறது என்று வாசலில் வந்து படுக்கிறார்கள்.

போன வாரம் கோடை மழை கொட்டியது. நடுவீட்டில் டிவி சத்தம் கேட்கவில்லை. ஆத்தா என்ன சொல்வார்களோ என்று அவுக அறைக்குப் போனேன். விளக்கைப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டிக் கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்தார்கள். காஞ்சு கிடந்தது.

"அத்தைக்கு இப்படி ஒரு பலகை அடிச்சுக் கொடுத்திருக்கலாம்ல அந்தத் தொரை"ன்னாங்க. அப்புறம் விளக்கை அணைக்கச் சொன்னாங்க.